கீசர் பாக்க அமெரிக்காவா? பயணக் குறிப்புகள் சொல்லாமல் விடுபவை

சேதி சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கீசர் பாக்கவா அமெரிக்கா போறீங்க? அதான் பாத்ரூம்ல மாட்டி வச்சிருக்கமே."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா சொன்னதில் தப்பில்லை, இரண்டும் ஒரே சொல்தான். ஐஸ்லாந்தில் வெந்நீரைப் பீச்சியடிக்கும் ஓர் ஊற்றுக்கு கெய்சிர் என்று பெயர். அந்த ஒரு ஊற்றின் பெயர் உலகத்தில் இருக்கிற அத்தனை வெந்நீர்ப் பீச்சுகளுக்கும் பொதுப்பெயர் ஆனது. பிறகு தண்ணீர் சுடவைக்கும் கருவிக்கும் அதையே வைத்தார்கள். அது நம்ம உளுந்தூர்பேட்டை எலக்ட்ரிகல் கடைக்கு "கீசர்" ஆக வந்து சேர்ந்தது. இந்தக் குறிப்பில் குழப்பம் வராமல் இருக்க, இயற்கையாகப் பீச்சுவதைக் கெய்சர் என்றும் பாத்ரூமில் இருப்பதைக் கீசர் என்றும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சியாட்டிலில் இருக்கும் மச்சான், "மாமா, அடுத்த ஜூன்ல எல்லாரும் வந்துடுங்க, யெல்லோஸ்டோன் போயிடலாம்" என்று கூப்பிட்டான். திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. சாஃப்ட்வேர்காரனுக்கு எக்செல் ஷீட் போடத் தெரியும், அதனால் பயணத் திட்டமும் போடத் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதே சமயத்தில், பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போகும் திட்டமும் என்னிடம்தான் இருந்தது. ஒரே லேப்டாப்பில் இரண்டு ஷீட்டுகள். ஒன்று 13,000 கி.மீ. தாண்டி, இன்னொன்று வீட்டிலிருந்து ஒரு காலைப் பயணம். இரண்டாவது ஷீட்டை நிரப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. ஏன் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அம்மாவை முடித்துவிடுகிறேன். கெய்சர் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது என்ன, நெய்வேலிப் பக்கம் எங்க மாமா வீட்டுக் கொல்லையில பீச்சுச்சே, அது மாதிரிதானே" என்றார். மோட்டார் கிடையாது, கமலை கிடையாது, குழாய் இறக்கினால் தண்ணீர் தானாக மேலே வருமாம். சின்னப் பிள்ளையில் பார்த்தது.

இது ஞாபகப் பிசகு இல்லை. கெய்சர் என்பது ஒரு வகையில் பிரஷர் குக்கர். பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் நீர், பாறைச் சூட்டில் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகிறது. ஆனால் மேலே குறுகலான தொண்டையில் நிற்கும் நீரின் எடை அழுத்துவதால் ஆவியாக முடிவதில்லை. மேலே கொஞ்சம் வழிந்தோடினால் அழுத்தம் குறைகிறது. உடனே அடியில் உள்ள நீர் ஒரே நேரத்தில் ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி எறிகிறது. நெய்வேலியில் சூடு இல்லை, அழுத்தம் மட்டும் உண்டு. மேட்டுப் பகுதியில் விழுந்த மழை மணற்பாறைக்குள் இறங்குகிறது. மேலே களிமண் மூடி. கீழே சரிவில் அந்த மூடியில் யாராவது ஓட்டை போட்டால், மேட்டில் நிற்கும் நீரின் எடை தள்ளித் தண்ணீர் தானாக எழும்புகிறது. இதைத்தான் ஆர்ட்டீசியன் ஊற்று என்கிறார்கள்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது. கரி அடுக்குக்குக் கீழே இருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. வீட்டுக் குக்கர் விசிலடிப்பது ஏறக்குறைய 1 கிலோவில். அப்படியென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நீரை இறைத்துக்கொண்டே இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். அதனால் ராப்பகலாக பம்புகள் ஓடுகின்றன. ராப்பகலாக இறைத்தால் சுற்றுப்பக்கம் என்ன ஆகும்? தானாகப் பீச்சிய கிணறுகள் அடங்கின. நியூசிலாந்தில் வைராக்கே என்ற இடத்தில் பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்க 1958இல் நிலையம் திறந்தார்கள், பக்கத்தில் இருந்த கெய்சர்கள் செத்துப்போயின. அங்கே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் அது அம்மாவின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. கடலூர் மாவட்டச் சுற்றுலாப் பட்டியல் என்று நான் பார்த்த எதிலும் "தண்ணீர் தானாக எழுந்த ஊர்" என்று ஒரு வரி இல்லை. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இந்த வரியை டைப் அடிக்கிற லேப்டாப்பும் அந்தக் கரண்டில்தான் ஓடுகிறது. இழந்ததை ஒரு வரியில் குறித்து வைப்பதற்குக் கரண்ட் செலவாகாது என்றுதான் சொல்கிறேன்.

இனி ஷீட்டுகளுக்கு வருவோம்.

யெல்லோஸ்டோன் 1872 மார்ச் 1ஆம் தேதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுமார் 9,000 சதுர கி.மீ. பரப்பு. வெந்நீர் ஊற்று, சேற்றுக் குழி, ஆவித் துளை எல்லாம் சேர்த்து 10,000க்கு மேல். அதில் கெய்சர்கள் 500 போல, உலகத்தில் இருப்பதில் பாதி. இதெல்லாம் எந்தப் பயணப் பக்கத்திலும் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்று ஒரு கெய்சர். 1870இல் அந்தப் பக்கம் போன ஒரு பயணக் குழு, தவறாமல் பீச்சுகிறது என்று பார்த்து வைத்த பெயர். பழைய விசுவாசி என்று வேண்டுமானால் சொல்லலாம். இது அடுத்து எப்போது பீச்சும் என்று பூங்காக்காரர்கள் நேரம் போடுகிறார்கள். அந்த நேரத்தோடு கூடவே, "பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம், அதுவும் நூற்றுக்குத் தொண்ணூறு தடவைதான் சரியாக இருக்கும்" என்றும் போடுகிறார்கள். எப்படிக் கணிக்கிறார்கள் என்பதையும் ஒளிப்பதில்லை. போன தடவை பீச்சியது இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். நீண்ட நேரம் பீச்சியிருந்தால் தொட்டி நிறையக் காலியாகியிருக்கும், மறுபடி நிரம்பிச் சூடாக ஒன்றரை மணி நேரம் ஆகும். எட்டாம் வகுப்புப் பையன் ஒரு கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், 500 கெய்சர்களில் பூங்கா கணித்துச் சொல்வது ஆறே ஆறுக்குத்தான். மீதிக்கு எங்களால் முடியாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதில் ஸ்டீம்போட் என்பதுதான் உலகத்திலேயே உயரமாகப் பீச்சுவது, 300 அடிக்கும் மேல். 1911க்குப் பிறகு ஐம்பது வருஷம் அது பெரிதாகப் பீச்சவே இல்லை. 2018இல் திடீரென்று முழித்துக்கொண்டு, 2019இல் மட்டும் 48 தடவை பீச்சியது. ஒரு மார்க்கெட்டிங் ஆளிடம் இந்தக் கெய்சரைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பான்? "உலகின் மிக உயரமான கெய்சர், கண்டு களியுங்கள்" என்று போஸ்டர் அடித்திருப்பான். பூங்கா சொல்வது: இது எப்போது பீச்சும் என்று யாருக்கும் தெரியாது, நாளைக்கும் இருக்கலாம், பல வருஷமும் ஆகலாம்.

இருபது வருஷமாக நான் செய்கிற வேலையில் "இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்" என்று எழுதாமல் ஒரு எண்ணைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் எனக்கு அந்தப் பலகை ஒரு நல்ல உரைநடை மாதிரி பட்டது. இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது, கிளம்புவதும் தங்குவதும் உங்கள் இஷ்டம்.

இப்போது கல்வராயன் ஷீட்.

நான் படித்த கல்வராயன் குறிப்புகள், இணையத்தில் உள்ளது, துண்டுப் பிரசுரம், வீடியோக்களின் கீழே எழுதியிருப்பது எல்லாம் சேர்த்து, முப்பதுக்குக் குறையாது. இவற்றைத் தனித்தனியாகத் திட்ட எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் அவை தனித்தனியாக இல்லை, ஒரே குறிப்பு முப்பது சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை, 2,000 முதல் 3,000 அடி உயரம், மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுக் குழாம், கோமுகி அணை. இடையில் எழில், ரம்மியம், பசுமை, சிலுசிலு காற்று. ஏற்காட்டுக்கு ஏற்கனவே கொடுத்துவிட்ட "ஏழைகளின் ஊட்டி" பட்டத்தைக் கொஞ்சம் கிழித்து இதற்கும் ஒட்டியிருப்பார்கள். ஊட்டி தவிர வேறு மலையே தமிழில் கிடையாதா என்று சில சமயம் கோபம் வரும். கல்வராயன் ஊட்டி இல்லை. தேயிலை இல்லை, ரயில் இல்லை, வெள்ளைக்காரன் கட்டிய பங்களாத் தெரு இல்லை. மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் விளையும் மலை.

அடுத்து நான் தேடியது ஒரே ஒரு தகவல். எந்த மாதத்தில் அருவியில் தண்ணீர் இருக்கும்? பாதிக் குறிப்புகள் இதைத் தொடவில்லை. மீதிப் பாதியில் பெரும்பாலானவை "ஆண்டு முழுவதும் வரலாம்" என்கின்றன. வரலாம்தான், யார் தடுத்தார்கள்? வந்தால் என்ன பார்ப்போம் என்பதுதான் கேள்வி. முதல் தடவை நாங்கள் போனது மே மாதத்தில், கோடை வாசஸ்தலம் என்று நம்பி. அருவி என்று எழுதியிருந்த இடத்தில் ஈரமான பாறை இருந்தது. அதில் நூல் மாதிரி ஒரு கோடு. அப்போது சின்னவளாக இருந்த என் மகள், "அப்பா, இதுக்கு நம்ம வீட்டு டேங்க் வழியறதே பெருசா இருக்கும்" என்றாள்.

இந்த மலைக்கு மழை ஜூன் கடைசியிலிருந்து தொட்டுத் தொட்டு வந்து, ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். மலையில் விழும் நீர் கோமுகியாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு மேலே உள்ள அணைக்கு வருகிறது. அந்த அணையின் கொள்ளளவு உயரம் 46 அடி. மழைக்காலத்தில் தினசரிப் பேப்பர்களில் உள்ளூர்ப் பக்கத்தில் அதன் நீர்மட்டம் வந்துகொண்டேயிருக்கும். அணைக்கு வரத்து இருக்கிறது என்றால் மேலே அருவி ஓடுகிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் கணிப்பு முறை. ஓல்டு ஃபெய்த்ஃபுல் அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் ஈரப் பாறையைப் பார்க்க ஒரு குடும்பத்தை வேன் வைத்துக் கூட்டிப் போகிற பாவத்திலிருந்து தப்பிக்கலாம். முப்பது குறிப்புகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. அருவியைப் பற்றி எழுதுபவர் அருவி எங்கே போகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏமாற்றத்தோடு போனால் பரவாயில்லை. இரண்டாம் தடவை நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

மூணு வருஷம் முன்னால், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறினோம். தண்ணீர் நன்றாக இருந்தது, பளிங்கு மாதிரி. நாங்கள் நின்ற இடத்தில் வெயில். பிள்ளைகள் குட்டையில் இறங்கிவிட்டார்கள். என் தங்கை மகன் நடுவில் ஒரு பாறை மேல் ஏறி நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே தடத்தில் விறகுக் கட்டோடு போன ஒரு அம்மா நின்று, எங்களைப் பார்த்துக் கத்தினார். "யாருப்பா அது, புள்ளைங்கள ஏத்துங்க. மேல மழ கட்டிகினு இருக்கு." எனக்கு முதலில் புரியவில்லை. இங்கே வெயில்தானே அடிக்கிறது? அந்த அம்மா கட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்து, தன் கையாலேயே பையனைப் பிடித்து இழுத்தார். அவர் தண்ணீரைத்தான் காட்டினார். ஓரத்தில் சருகு வரத் தொடங்கியிருந்தது. நிறம் லேசாக டீத்தண்ணி. கால் மணி நேரம் ஆகியிருக்காது, அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. சத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. தங்கை அன்று ராத்திரி வரைக்கும் பேசவில்லை.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நடுக்கத்தில் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, நாங்கள் நம்பிப் போன குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "குழந்தைகளுடன் நீராடி மகிழ ஏற்ற இடம்." அவ்வளவுதான். வேறெங்கோ மேலே பெய்யும் மழை இங்கே வெயிலில் நிற்பவனைக் கொண்டுபோகும் என்பது மலைக்காரர்களுக்குப் பாலபாடம். சமவெளியிலிருந்து போகும் எனக்கு அதை யாராவது எழுதித்தான் சொல்லவேண்டும். எழுதுவதற்கென்றே வந்தவர் அதைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் யெல்லோஸ்டோன் பக்கம் என்ன செய்கிறது பாருங்கள். இயற்கையாக அங்கே இருக்கும் எதைவிடவும் வெந்நீர் ஊற்றுகள்தான் அதிகம் பேரைக் காயப்படுத்தியும் கொன்றும் இருக்கின்றன என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். கரடி இல்லை, ஓநாய் இல்லை, தண்ணீர். காட்டெருமையிடம் 23 மீட்டர், கரடியிடம் 91 மீட்டர் தள்ளி நில் என்று அளவு போட்டுக் கொடுக்கிறார்கள். பலகைப் பாதையை விட்டு இறங்காதே, கீழே மண் மாதிரித் தெரிவது அப்பளம், அதற்குக் கீழே கொதிக்கும் நீர் என்கிறார்கள். அங்கே வரலாற்றாளராக இருந்த லீ விட்டில்சி, பூங்காவில் நடந்த சாவுகளை மட்டுமே தொகுத்து 1995இல் ஒரு புத்தகம் போட்டார். பூங்காவுக்கு அதனால் கூட்டம் குறையவில்லை, வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் வருகிறார்கள். 2024 ஜூலை 23ஆம் தேதி பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் ஒரு குளம் வெடித்து, பலகைப் பாதையைப் பிய்த்து எறிந்தது. நல்லவேளை ஒருவருக்கும் காயமில்லை. அவ்வளவு கருவிகள் வைத்திருப்பவர்களுக்கே அது முன்கூட்டித் தெரியவில்லை. அதையும் ஒப்புக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்று 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, ஆன்லைனில் பதிவு வைத்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். உருப்படியான வேலை. அந்த 40 பாதைகளின் பட்டியலை ஆவலோடு திறந்து பார்த்தேன். நீலகிரி, கோவை, தேனி, நெல்லை, பக்கத்தில் சேலத்தில் ஏற்காட்டுப் பக்கம்கூட இருந்தது. கள்ளக்குறிச்சி இல்லை. ஆகவே கல்வராயனுக்குப் போகிறவன் கையில் இன்றைக்கும் அந்த முப்பது சட்டை போட்ட ஒரே குறிப்புதான்.

யெல்லோஸ்டோனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை ரொம்ப காலம் இருந்தது. பூங்கா தொடங்கிய காலத்தில் அதை "மனிதன் தொடாத காடு" என்று விற்றார்கள். 1877 முதல் 1882 வரை கண்காணிப்பாளராக இருந்த ஃபிலீட்டஸ் நோரிஸ், இந்தியப் பழங்குடிகள் கெய்சரைக் கண்டு பயந்து இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்ற கதையைப் பரப்பினார். சுற்றுலா வருகிறவன் பயப்படக்கூடாதே, அதற்கு. உண்மையில் ஷோஷோனி இனத்தில் ஒரு பிரிவினர் அங்கேயே குடியிருந்தார்கள். அங்குள்ள ஒரு மலைமுகட்டிலிருந்து வெட்டிய கண்ணாடிக் கல், நூற்றாண்டுகளுக்கு முன்பே 2,000 கி.மீ. தாண்டி ஒஹாயோ வரைக்கும் போயிருக்கிறது. பயந்து ஓடினவர்கள் செய்கிற வியாபாரமா இது? இந்தக் கதை தப்பு என்று விரிவாக எழுதிய புத்தகம் வெளிவர 2004 ஆனது. இப்போது 27 பழங்குடிகள் தொடர்புடைய நிலம் என்று பூங்காவே எழுதுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் தாமதம்.

நம்முடைய தாமதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது கல்வராயன் குறிப்புகளிலும் மனிதர்கள் இல்லை. மிஞ்சிப்போனால் "மலைவாழ் மக்கள் தேன் விற்பார்கள்" என்று ஒரு வரி. அவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மலைமலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வாய்மொழி. நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் கெசட்டியரைப் புரட்டினால்கூட, இந்த மலை ஜடாய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது தெரியும். நாடு சுதந்திரம் வாங்கி, ஜமீன் ஒழிந்து, அதற்கு வெகுகாலம் கழித்து 1976இல்தான் இந்த ஜாகீர் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. நான் பிறந்ததற்குச் சில வருஷம் முன்னால்! எங்கள் வீட்டிலிருந்து மழை விட்ட காலையில் பார்த்தால் மேற்கே நீலமாகத் தெரியும் மலையில், என் அப்பா காலம் வரை ஜாகீர் நடந்தது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. படித்தது பி.இ. என்பதெல்லாம் இந்த மாதிரிச் சமயத்தில் உதவுவதில்லை.

சுற்றுலாக் குறிப்பில் ஆள் இல்லாத மலை. பேப்பரில் சாராய மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் செத்தபோது, தமிழ்நாடு முழுக்க கல்வராயன் என்ற பெயரை அந்த ஒரு விதத்தில்தான் கேட்டது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலை மக்களின் வாழ்நிலை என்ன, அடிப்படை வசதி ஏன் சேரவில்லை என்று வழக்கு எடுத்து விசாரித்தது. எனக்கு இது உறைத்தது. ஒரு மலையைப் பற்றி இருக்கும் நேர்மையான கேள்விகள் ஒரு வழக்குக் கட்டில் இருக்கின்றன, அதைப் பற்றிய பயணக் குறிப்புகளில் இல்லை. நாங்கள் வேன் பிடித்து ஒண்ணரை மணி நேரத்தில் ஏறும் அதே மலையில், உள்ளே தள்ளி இருக்கும் ஊர்க்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்குவது எவ்வளவு நேரம்? குறிப்பு எழுதுகிறவர் இதை ஏன் சொல்லவேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பாறையில் வழுக்கி ஒரு பையன் விழுந்தால் அவனும் அதே ரோட்டில்தான் இறங்கவேண்டும்.

"எழுதினால் கூட்டம் வந்து பிளாஸ்டிக் போட்டுக் கெடுத்துவிடும், எழுதாமலே இருப்பது நல்லது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மேகம் அருவிக்கு இறங்கும் வழியில் பாட்டில் ஓடுகளை நானும் பார்த்தேன். ஆனால் கூட்டம் ஏற்கனவே வந்துவிட்டது, முப்பது குறிப்புகள் அதைக் கூட்டி வந்துவிட்டன. இனிமேல் எழுதாமல் விடுவதால் மிச்சமாவது, தெரியாமல் வருகிறவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

ஆக, ஷீட் இரண்டையும் திருத்தினேன். இரண்டிலும் "எது நடக்காமல் போகலாம்" என்று ஒரு காலம் சேர்த்தேன். யெல்லோஸ்டோன் பக்கத்தில் நிரப்புவது சுலபம்: ஸ்டீம்போட் பீச்சாது, பெரும்பாலும். 2022 ஜூனில் வந்தது மாதிரி வெள்ளம் வந்தால் பூங்காவையே மூடுவார்கள், அந்த வருஷம் பத்தாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். 2026 முதல் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் என்று வேறு போட்டுவிட்டார்கள், அதனால் நாங்கள் போவதே நடக்காமல் போகலாம். மச்சானிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

கல்வராயன் பக்கத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். பிப்ரவரி முதல் மே வரை அருவிக்காகப் போகாதீர்கள், காட்டுக்காகப் போங்கள், நெருப்பு மூட்டாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் இருக்கும், ஆபத்தும் இருக்கும். சருகு வந்தாலும் நிறம் மாறினாலும் உடனே கரையேறுங்கள், போட்டோ எடுத்து முடிக்கட்டும் என்று நிற்காதீர்கள். பொங்கல் சமயம் நடுவாந்தரம்: ஓரளவு நீர், நல்ல குளிர், கூட்டம். அணை நிலவரம் பேப்பரில் பாருங்கள். மருத்துவத்துக்குக் கள்ளக்குறிச்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மேலேயே வாங்குங்கள்.

இன்னொரு வரியும் அதில் இருக்கிறது, ஒரு போன் நம்பர், அதை இங்கே போட முடியாது. வெள்ளிமலைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனுடையது. போன வாரம் கூப்பிட்டேன். "அண்ணே, பொங்கலுக்குப் பத்துப் பதினஞ்சு பேர் வர்றோம், அருவில தண்ணி இருக்குமா?"

"பொங்கலுக்கா? இப்பவே எப்பிடிங்க சொல்றது. மார்கழி மழய பாத்துட்டு சொல்றன். கெளம்பறத்துக்கு மொத நாளு கூப்புடுங்க."

நம்பருக்கு நேரே "ஒரு நாள் முன்பு" என்று எழுதிக்கொண்டேன்.